நூற்றொரு ரூபாய்த் தடியங்காய்

மூணுதரம் வக்கீல் தன் வாழ்நாளில் எதையும் ஒரு தடவை சொல்லி நிறுத்தியது கிடையாது. நாஞ்சில் நாட்டில் அவரைத் தெரிந்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். காலையில் மனைவியிடம் காப்பி கேட்பதிலிருந்து ஜெபம் முடித்து ஆமென் சொல்வதுவரை எல்லாமே மூன்று தடவை. கல்யாணத்தன்று போதகர், "சம்மதமா?" என்று கேட்டதற்கு, மூன்று முறை "சம்மதம்" என்று முழங்கினார். கோயில் ஓலைக்கூரையிலிருந்து அணில் விழுந்தது. மணப்பெண் பயந்துபோய் வாயே திறக்கவில்லை என்றும், போதகர் இவர் சொன்ன மூன்றில் ஒன்றை எடுத்து அந்தப் பெண்ணின் சம்மதமாக வைத்துக்கொண்டார் என்றும் ஒரு பேச்சு உண்டு.

ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் அவர் ஒரு தடவை சொல்லிவிட்டு நிறுத்தினார். அதை நான் என் காதால் கேட்டேன். அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். சிரிக்கச் சிரிக்க எழுதும்படி பத்திரிகைக்காரர்கள் சொல்லியனுப்பியிருக்கிறார்கள். எனக்கோ நினைக்க நினைக்கக் கோபம்தான் வருகிறது. இத்தனை வருஷம் கழித்தும் அது ஆறவில்லை. முடிந்தவரை சிரிக்கப் பார்க்கிறேன்.

நானும் வக்கீல்தான். ஊர் பூதப்பாண்டி. நாகர்கோவிலில் கோர்ட்டுக்கு எதிரே ஒரு மாடி அறையை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தோம். அவரோடு ஓர் அறையில் தொழில் நடத்துவது லேசான காரியமில்லை. கட்சிக்காரன் குனிந்து அவர் காதில் ரகசியமாக ஏதாவது சொல்வான். இவர், "ஓ, பத்திரம் பொய்யா? பொய்யா? பொய்யா?" என்பார். கீழே காப்பிக் கடையில் உட்கார்ந்திருக்கும் எதிர்க்கட்சிக்காரன் சட்டென்று எழுந்து தன் வக்கீலைப் பார்க்கப் போய்விடுவான். இப்படி அவர் தோற்ற வழக்குகள் அநேகம். ஆனால் ஒருவனையும் அவர் ஏமாற்றியதில்லை. அந்தக் குரலை வைத்துக்கொண்டு யாரை ஏமாற்ற முடியும்?

ஜில்லா ஜட்ஜி திருவனந்தபுரத்து ஆள். பொறுமைசாலி. அவரே ஒருநாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"வக்கீலே, கோர்ட்டுக்குக் காது நல்லாக் கேக்கும். எதுக்கு மூணு பிராவசியம் பறையணும்?"

"ரெண்டு காதுக்கு ரெண்டு தடவ எசமானே. மூணாவது தடவ ரிக்கார்டுக்கு. ரிக்கார்டுக்கு. ரிக்கார்டுக்கு."

இந்தப் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்றால், ஏலத்திலிருந்து வந்தது. பூதப்பாண்டிக்கு வடக்கே மலையடிவாரத்தில் ஒரு சிற்றூர். மிஷன் காலத்து ஓலைக்கூரைக் கோயில் ஒன்று அங்கே உண்டு. அதுதான் அவருடைய சபை. வருஷத்துக்கு ஒருமுறை அறுப்பின் பண்டிகை வரும். விளைந்ததில் முதலாவதை எல்லாரும் கோயிலுக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். நெல், வாழைக்குலை, தேங்காய், கோழி, முட்டை, தடியங்காய். மற்ற ஊர்க்காரர்கள் வெள்ளைப் பூசணி என்பதை நாங்கள் தடியங்காய் என்போம். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். சந்தை விலைக்கும் அந்த விலைக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. பக்தி பாதி, பக்கத்து வீட்டுக்காரன்மேல் போட்டி பாதி. ஒரு முட்டை ஒரு ரூபாய்க்குப் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

அந்த ஏலத்துக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. முதலாவது, பொருளை எடுக்கிறவர் யார் பேரில் எடுக்கிறார் என்று சொல்ல வேண்டும். செத்துப்போன தகப்பன் பேரில் எடுப்பார்கள், கொழும்பில் இருக்கும் மகன் பேரில் எடுப்பார்கள், காய்ச்சலில் கிடக்கும் குழந்தை பேரில் எடுப்பார்கள். ஏலம் விடுகிறவர் அந்தப் பேரை உரக்க மூன்று முறை விளிக்க வேண்டும். மூன்றாவதற்குக் கைமணியை அடிக்க வேண்டும். பேரை எந்தப் புத்தகத்திலும் எழுதுவதில்லை. மூன்று முறை விளித்துவிட்டால் அது மேலே போய்ச் சேர்ந்துவிடும் என்று நம்பிக்கை. இரண்டாவது வழக்கம், என்ன பொருளானாலும் முதல் கேள்வி டீக்கனாருடையது. டீக்கனார் சபையின் பொருளாளர். நாற்பது வருஷமாக, பொருள் மேஜைக்கு வந்த மறு நொடியே "நாலு சக்கரம்!" என்று கத்தி ஏலத்தைச் சூடேற்றுவார். சக்கரம் என்பது எங்கள் திருவிதாங்கூர்ச் சில்லறை.

அந்த ஏலத்தை விடுகிறவர் மூணுதரம் வக்கீல். அந்தக் கைமணிதான் அவர் உயிர். வருஷம் முழுக்கக் கோர்ட்டில் தோற்றுவிட்டு, அந்த ஒரு நாளுக்காகக் காத்திருப்பார். ஒரு மாதம் முன்பே தொண்டைக்கு மிளகும் கற்கண்டும் தொடங்கிவிடும். அன்றைக்கு அவர் விளிக்கிற விளி முட்டத்துக் கலங்கரை விளக்கம்வரை கேட்கும் என்பார்கள். கேட்காது. ஆனால் கேட்கும் என்று சொன்னால் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

இனிக் கோபத்துக்கு வருகிறேன்.

முப்பதுகளில் ஒரு சட்டசபைத் தேர்தல். வரி கட்டுகிறவனுக்குத்தான் ஓட்டு. எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற வாத்தியார். ஊர் ஊராக நடந்தே போய் ஓட்டுக் கேட்டார். இன்னொருவர் பங்களாக்காரர். நாகர்கோவிலில் அவருடைய பங்களாவைச் சுற்றி வரவே ஒரு ஜட்கா வேண்டும். அவருக்குப் பின்னால் ஒரு தேயிலைக் கம்பெனி இருந்தது. மலைமேல் தோட்டம் வைத்திருந்த கம்பெனி. ஓர் ஓடையை மேலேயே மறித்துத் தன் ஃபாக்டரிக்குத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று அது ஆசைப்பட்டது. அதற்குச் சர்க்கார் அனுமதி வேண்டும், அனுமதிக்குச் சட்டசபையில் கை தூக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஓடைதான் மூணுதரம் வக்கீலின் ஊர்க் குளத்தை நிரப்புவது. இதெல்லாம் அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது.

தேர்தலுக்கு முந்தைய அறுப்பின் பண்டிகைக்குக் கம்பெனி ஏஜெண்டு காரில் வந்து இறங்கினார். வெள்ளைக் கால்சட்டை, கோட்டு. கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள். மேஜையில் ஒரு தடியங்காய் ஏறியது. பெரிசுதான், ஆனால் பார்த்து மயங்குகிற அளவுக்கு ஒன்றுமில்லை.

"தடியங்காய் ஒண்ணு!" என்றார் இவர்.

"நாலு சக்கரம்!" என்றார் டீக்கனார்.

யாரோ எட்டு என்றார்கள். யாரோ அரை ரூபாய் என்றார்கள். ஏஜெண்டு எழுந்து, "நூத்தியொரு ரூபாய்ங்க" என்றார்.

அந்தக் காலத்தில் நூற்றொரு ரூபாய்க்கு ஒரு காணி வயலே கிடைத்தாலும் கிடைக்கும். மூணுதரம் வக்கீலுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரல் அடைத்துக்கொண்டது. பிறகு சமாளித்துக்கொண்டு, வழக்கப்படி, "யாருக்க பேரிலே? பேரிலே? பேரிலே?" என்று கேட்டார். ஏஜெண்டுக்கு வழக்கம் தெரியாது. உபகாரம் யாருடையது என்று சபைக்கு அறிவிக்கப் போகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு, பங்களாக்காரரின் பேரைப் பட்டங்களோடு சேர்த்துப் பெருமையாகச் சொன்னார். இவரும் நெஞ்சு விம்ம அதை மூன்று முறை விளித்து, மணி அடித்து, பரலோகத்துக்கு அனுப்பிவைத்தார்.

ஏஜெண்டு அதோடு போயிருந்தால் இந்தக் கதை இல்லை. டீக்கனாரிடம் போய், "கம்பெனி பேருக்கு ரசீது ஒண்ணு குடுங்க. சீமையில இருக்கிற ஹெட் ஆபீசுக்குக் காலணான்னாலும் ரசீது காட்டோணும்" என்றார். டீக்கனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தடியங்காய் ஒன்று என்று அழகாக எழுதிக் கொடுத்தார். அடிக்கட்டை புத்தகத்தில் தங்கிவிட்டது.

அந்தப் பணத்தில் கோயிலின் ஓலைக்கூரை போய் ஓட்டுக்கூரை வந்தது. உபகாரியை மறக்கலாகாது என்று சபையில் ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொண்டார்கள், மறக்கவும் இல்லை. பங்களாக்காரர் ஜெயித்தார். வாத்தியாருக்கும் அவருக்கும் இருந்த ஓட்டு வித்தியாசத்தை ஒரு மோட்டார் பஸ்ஸில் ஏற்றித் தக்கலைக்கு அனுப்பிவிடலாம், அவ்வளவுதான். மூணுதரம் வக்கீலோ இதெதையும் கவனிக்கவில்லை. உலகத்திலேயே அதிக விலைக்குத் தடியங்காய் விற்ற ஆள் தான்தான் என்று மூன்று மாதம் என் பிராணனை எடுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒருநாள் காலை கம்பெனி ஆட்கள் ஓடைக்கரையில் சங்கிலி போட்டு அளந்தார்கள். அன்று அவர் அறைக்குள் வந்தபோது செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நாற்காலியில் உட்காராமல் என் மேஜைக்கு முன்னால் நின்றார்.

"நான் வித்தது தடியங்காய் இல்லவே. எங்க ஊருக்க குளத்தையாக்கும்."

இன்னும் இரண்டு தடவை வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

அந்த வாரமே தோற்ற வாத்தியாருக்காகத் தேர்தல் வழக்குப் போட்டார். ஓட்டுக்காக வேட்பாளர் தரப்பில் யார் பரிசு கொடுத்தாலும் தேர்தல் செல்லாது என்று சட்டம் இருந்தது. பணம் கம்பெனிப் பணம் என்பதற்கு ரசீதின் அடிக்கட்டை சாட்சி. அது பங்களாக்காரர் பேரில் கொடுக்கப்பட்டது என்பதற்கு என்ன சாட்சி? மூன்று முறை விளித்த விளி ஒன்றுதான். அதைக் கேட்டவர்கள் சுமார் முந்நூறு பேர். சாட்சிக்குக் குறைவில்லை என்று இவர் நினைத்தார்.

முந்நூறு பேருக்கும் ஒரே நாளில் காது செவிடாகிவிட்டது! எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். கம்பெனி கெட்டது என்றால் ஒரு நியாயம் இருக்கிறது. லாபத்துக்காகப் பிறந்தது, லாபத்துக்காகத் திருடுகிறது. குளத்துத் தண்ணீரைக் குடிக்கிற இந்த ஜனங்களுக்கு என்ன வந்தது? ஒருவன் அன்று கோழியைப் பிடிக்க வெளியே போயிருந்தானாம். ஒருவன் கண்ணை மூடி ஜெபத்தில் இருந்தானாம். கண்ணை மூடினால் காது அடைக்குமா? தலைக்குமேல் சிவப்பு ஓடு பளபளக்கிறதே, அதுதான் காதை அடைத்தது.

டீக்கனார் கோர்ட்டில் பைபிளைத் தொட்டுச் சொன்னார். "எனக்கக் காது ரெண்டும் டைபாய்டு வந்ததுக்குப் பொறவு அவ்வளவாக் கேக்காது எசமானே. யாருக்க பேரை விளிச்சாருன்னு எனக்குத் தெரியாது." ரசீது எழுதியதை மட்டும் ஒப்புக்கொண்டார். அவர் கையெழுத்து அப்படி முத்து முத்தாக இருந்தது, மறுக்க வழியில்லை.

ஏஜெண்டு கூண்டில் ஏறினார். தான் யார் பேரையும் சொல்லவில்லை என்றார். மூணுதரம் வக்கீல் கவுனைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்.

"தேயிலைக் கம்பெனிக்குத் தடியங்காய் எதுக்கு? எதுக்கு? எதுக்கு?"

"சாப்பிடறதுக்குங்க."

"தின்னேரா? தின்னேரா? தின்னேரா?"

"ஆமாங்க. குவார்ட்டர்ஸ்ல சமைச்சு எல்லாருமாச் சாப்பிட்டோம்."

"ருசியா இருந்துதா? இருந்துதா? இருந்துதா?"

"நல்லாவே இருந்துச்சுங்க."

இவர் வாசலைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கோயில்குட்டி, அதாவது கோயிலைப் பெருக்கி மணி அடிக்கிற அறுபது வயது ஆள், ஒரு சாக்கைத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். சாக்குக்குள் தடியங்காய். அன்று ஏஜெண்டு ரசீதை வாங்கிய வேகத்தில் காயை எடுக்காமலே போய்விட்டார். தடியங்காய் மாதக்கணக்கில் கெடாது. கோயிலின் பின்னறையில் பழைய பாட்டுப் புத்தகங்களுக்கு நடுவே அது சுகமாக உட்கார்ந்திருந்தது. ஏலத்தன்று கரியால் அதன்மேல் போட்ட எண்கூட அழியவில்லை. கோர்ட்டு சிரித்தது. ஜட்ஜி சிரிப்பை அடக்கிக்கொண்டு அதை எக்ஸிபிட்டாகக் குறித்துக்கொள்ளச் சொன்னார். பெஞ்சுக் கிளார்க்குக்கு எக்ஸிபிட் எண் எழுதிய சீட்டை எங்கே ஒட்டுவது என்று தெரியவில்லை, கடைசியில் காம்பில் கட்டினார்.

ஏஜெண்டு பொய்யர் என்பது ருசுவாகிவிட்டது. ஆனால் பேர்? பேரைச் சொல்ல இன்னும் ஆளில்லை. விளித்தவர் ஒருவர்தான் மிச்சம். அவரோ வழக்கை நடத்துகிற வக்கீல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சபைக் கமிட்டி கூடியது. ஏலத்தில் விளித்த பேரைக் கோர்ட்டில் சொல்வது கோயிலைக் கூண்டில் ஏற்றுவதற்குச் சமம், அப்படி அவர் சாட்சி சொன்னால் இனி ஏலமணியைத் தொடக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் அவருடைய சொந்தத் தம்பியும் உண்டு. திங்கட்கிழமை அவர் அறைக்கு வந்து அந்தக் காகிதத்தை என் முன்னால் வைத்தார்.

நான் அவரிடம் சொன்னதை இன்றைக்குச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

"ஓய், உமக்கென்ன கிறுக்கா? வாத்தியாருக்க வழக்கு. தோத்தா வாத்தியாருல்லா தோப்பாரு? உமக்கு அந்த மணியை விட்டா வேற என்னவே இருக்கு?"

"ஒண்ணும் இல்லவே. ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்ல."

"பின்னே?"

"எனக்கத் தொண்டையை வச்சுல்லா அவனுவ வேலை பாத்திருக்கானுவ. செத்துப்போன எங்க அய்யாவுக்க பேரை விளிச்ச அதே தொண்டை. அதே மணி. ஓட்டுக்குத் துட்டு வீசுன களவாணிக்க பேரையும் நான்தானே மேல அனுப்புனேன். அதைத் திருப்பிக் கூப்பிடாண்டாமா? நீரு சொல்லும். சொல்லும். சொல்லும்."

காப்பி வாங்கிவரச் சொல்லி ஆளை அனுப்பினேன். அவர் குடிக்கவில்லை.

மறுநாள் கோர்ட்டில் அவர் எழுந்து, தானே சாட்சி சொல்லப் போவதாகச் சொன்னார். ஒரே வழக்கில் வக்கீலாகவும் சாட்சியாகவும் இருக்க முடியாது, ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடும் என்றார் ஜட்ஜி. இவர் அங்கேயே கவுனைக் கழற்றினார். மடித்து என் மடியில் வைத்தார். வழக்கும் அதோடு சேர்ந்து என் மடியில் விழுந்தது. முந்தின நாள் வாயை மூடும்படி சொன்ன நான்தான் அவரைப் பேச வைக்க வேண்டியிருந்தது. கேட்டேன். பங்களாக்காரரின் பேரைப் பட்டங்களோடு அப்படியே சொன்னார். மூன்று தடவை.

பங்களாக்காரரின் வக்கீல் விடுகிற ஆளில்லை. "சபையில் ஒருத்தருக்குக்கூடக் கேட்காத பேர் உமக்கு மட்டும் எப்படிக் கேட்டது? நீர் மெதுவாக ஏதோ முனகியிருப்பீர், இப்போது பேரை மாற்றிச் சொல்கிறீர்" என்றார்.

மெதுவாக! முனகினார்! மூணுதரம் வக்கீலின் கழுத்து நரம்பு புடைத்தது. நான் எழுந்து, ஏலத்தில் எப்படி விளிப்பார் என்று கோர்ட்டு நேரில் கேட்டுப் பார்க்கலாமே என்றேன். ஜட்ஜிக்கும் ஆசை இருந்திருக்க வேண்டும்.

"செரி. அந்நு எங்ஙனே விளிச்சேரோ அதுபோல ஒண்ணு விளிச்சுக் காட்டும்."

தடியங்காயைத் தூக்கிக் கூண்டின் விளிம்பில் வைத்தார்கள். சபைக்காரர்கள் எல்லாரும் பின்னால் பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கடைசி பெஞ்சின் கோடியில், டைபாய்டில் காது போன டீக்கனார், சுவரில் சாய்ந்தபடி இருந்தார். இவர் தொண்டையைச் செருமினார். இரண்டு கையையும் உயர்த்தினார்.

"தடியங்காய் ஒண்ணு!"

"நாலு சக்கரம்!"

கடைசி பெஞ்சிலிருந்து வந்தது. டீக்கனார் எழுந்து நின்று, விரலை நீட்டிக்கொண்டிருந்தார். நாற்பது வருஷப் பழக்கம். தான் எங்கே இருக்கிறோம் என்பது அவருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. நீட்டிய விரலை அப்படியே வாய்மேல் வைத்துக்கொண்டார். வெளியே புளியமரத்தடியில் நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள். ஜட்ஜி சிரிக்கவில்லை. டீக்கனாரை முன்னால் வரச் சொன்னார்.

"இப்போ கேட்டுதா?" என்றார், மெதுவான குரலில்.

"கேட்டுது எசமானே."

"அந்நும் கேட்டுதா?"

டீக்கனார் தடியங்காயைப் பார்த்தார். மூணுதரம் வக்கீலைப் பார்த்தார். அந்தக் கிழவருக்கு அழுகை வந்துவிட்டது. "அன்னைக்கும் கேட்டுது எசமானே" என்றவர், பேரையும் சொன்னார்.

தேர்தல் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. இதோடு முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். பத்திரிகைக்காரர்களுக்கும் பிடிக்கும். ஆனால் நான் பார்த்தது அப்படி முடியவில்லையே.

மறுதேர்தலில் பங்களாக்காரருடைய மச்சினன் நின்றான். இந்தத் தடவை கம்பெனி எங்கேயும் ரசீது கேட்கவில்லை. ஏலத்துக்கும் வரவில்லை, பேரும் சொல்லவில்லை. எப்படிக் கொடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது, வாங்கியவர்களைத் தவிர. வாத்தியார் முன்னைவிட மோசமாகத் தோற்றார். எங்கள் தீர்ப்பால் ஒருவருக்கு நன்மை விளைந்தது என்றால் அது கம்பெனிக்குத்தான். எப்படி அகப்படாமல் திருடுவது என்று கோர்ட்டுச் செலவில் படித்துக்கொண்டது.

கம்பெனியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்று மூணுதரம் வக்கீல் திவானுக்கு மனுப் போட்டார். வழக்கம்போல மூன்று தடவை. முதல் இரண்டும் கிடைத்தன, மேல்கொண்டு எழுத வேண்டாம் என்று பதில் வந்தது. மூன்றாவதற்குப் பதிலே இல்லை. காலணாவைத் திருடியவனைக் கைவிலங்கு போட்டுத் தெருவழியே நடத்திக் கூட்டிப்போன சர்க்கார், ஓர் ஓடையைத் திருடியவனுக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்தது. ஓடையை மறித்தார்கள். அடுத்த கோடையில் குளத்தின் நடுவே ஆடு மேய்ந்தது. ஊர்ப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு மைல் நடந்தார்கள். கோயில் ஓடு மட்டும் சிவப்பாகத்தான் இருந்தது.

இவ்வளவுக்குப் பிறகாவது அந்த ஜனங்களுக்குப் புத்தி வந்து மணியைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள் என்று எதிர்பார்ப்பீர்கள். கொடுக்கவில்லை. குளம் போனதைவிடக் கோர்ட்டில் மானம் போனதுதான் அவர்களுக்குப் பெரிசாக இருந்தது. டீக்கனாரை மன்னித்துவிட்டார்கள், ஏனென்றால் அவர் பொய் சொல்லப் பார்த்து முடியாமல் போனவர். இவரை மன்னிக்கவில்லை.

அடுத்த அறுப்பின் பண்டிகைக்கு அசனம் என்கிற சபை விருந்து சாப்பிட வரும்படி எனக்கும் அழைப்பு வந்தது. போனேன். மூணுதரம் வக்கீல் ஆராதனை முடியும்வரை கடைசி பெஞ்சில் இருந்தார். ஏலம் தொடங்கும்போது எழுந்து வெளியே போனார். வீட்டுக்கும் போகாமல், மதிலுக்கு அந்தப் பக்கம் ரோட்டில் குடையை விரித்துக்கொண்டு நின்றார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

மணி டீக்கனாரிடம் இருந்தது. அவர் குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை. "நாலு சக்கரம்" என்று தொடங்கிவைக்கவும் இப்போது ஆளில்லை. வாழைக்குலை சந்தை விலைக்குக்கூடப் போகவில்லை. பிறகு ஒரு தடியங்காய் வந்தது. தண்ணீரில்லாத வருஷத்துக் காய், இரண்டு கைக்குள் அடங்கும்.

நான் அந்தச் சபைக்காரன் இல்லை. ஏலத்தில் வாய் திறந்தவனும் இல்லை. கை இறுகிய ஆள் என்று என் வீட்டிலேயே பேர். எழுந்து நின்று, "பதினொரு ரூபாய்" என்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

டீக்கனார் தயங்கினார். "யாருக்க பேரிலே?"

சொன்னேன். ஊர் வைத்த மூணுதரம் என்கிற பேரை இல்லை, அந்தக் கோயிலில் தண்ணீர் தெளித்து அவருக்கு வைத்த பேரை.

டீக்கனார் கமிட்டிக்காரர்களைப் பார்த்தார். கமிட்டிக்காரர்கள் ஓட்டுக்கூரையைப் பார்த்தார்கள். வழக்கம் வழக்கம்தானே, எடுத்தவன் சொன்ன பேரை விளித்தாக வேண்டும். முதல் தடவை டீக்கனாருக்கு உதடுதான் அசைந்தது. இரண்டாவது தடவை எனக்குக் கேட்டது. மூன்றாவது தடவை அந்தக் கிழவர் எங்கிருந்து எடுத்தாரோ தெரியவில்லை, ஓடு அதிர விளித்தார். விளித்த வேகத்தில் மணியை மறந்து நின்றுவிட்டார்.

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"மூணாந் தடவைக்கு மணி அடிக்கணும்வே! மணி! மணி! மணி!"

அந்தக் காயை வைத்து என் மனைவி நான்கு நாள் தேங்காய்ப்பால் ஓலன் வைத்தாள். பதினொரு ரூபாயை நினைத்து நாற்பது நாள் என்னோடு பேசவில்லை. யோசித்துப் பார்த்தால் கம்பெனி செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன். காசு கொடுத்து, ஒரு தடியங்காயைச் சாக்காக வைத்து, ஒரு மனுஷனுடைய பேரை அந்தக் கோயிலில் மூன்று முறை சொல்ல வைத்திருக்கிறேன். சட்டம் இனியும் என்மேல் வழக்குப் போடலாம். குற்றத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். வேண்டுமானால் மூன்று தடவை ஒப்புக்கொள்கிறேன்.